நெஞ்சில் குத்திய பெயர்

உலகத்தைச் சுற்றும் கப்பலில் வேலை பார்ப்பவனிடம் "எந்தெந்த ஊர் பார்த்தே?" என்று கேட்கக் கூடாது. அதைப்போல வயிற்றெரிச்சலைக் கிளப்பும் கேள்வி வேறு கிடையாது. நம் ஆள் பார்த்தது பதினாறு அறைகள். எட்டாம் தளம், இடது பக்கம், வரிசையாகப் பதினாறு. நூற்று நான்கு நாள் பயணத்தில் முப்பத்தொரு ஊர்கள் வந்தன. முப்பத்தொன்றும் அவன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கமாகவே போய்விட்டன. பனிமலை வருகிறது, பனிமலை வருகிறது என்று மூன்று நாளாக ஒலிபெருக்கியில் சொன்னார்களே, அது வந்த நேரத்தில் அவன் கழிப்பறையில் இருந்தான். தன் வேலையாக அல்ல, பயணிகளுடைய கழிப்பறையை மினுக்கும் வேலையாக.

சரி, ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கலாம் என்றால் சிக்கலே அங்கேதான். அவன் பாஸ்போர்ட்டில் முன்னால் அவன் பெயர் இருக்கிறது, பின்னால் அவன் அப்பா பெயர் இருக்கிறது. கப்பல் கம்பெனியின் கணினிக்குப் பின்னால் வருவதுதான் பெயர். முன்னால் வருவது ஒப்புக்குச் சப்பாணி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதன்முதலாகக் கப்பலேறியபோது சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்லி ஒரு பித்தளைப் பட்டை கொடுத்தார்கள். பார்த்தால் அப்பா பெயர்.

"மேடம், இது எங்க அப்பா பேரு."

"அப்படியா? மாத்தணும்னா ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதையே குத்திக்கோயேன்."

"ஆகட்டும் மேடம்."

அந்த ஆறு வாரம் இன்னும் முடியவில்லை. பயணிகளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டார்கள், மேலதிகாரிகளும் அப்படித்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தக் கிழவர் அதற்கும் பெருமைப்பட்டுக்கொள்வார்.

வேறு யாருடைய பெயராக இருந்தாலும் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்த அப்பா யார் தெரியுமா? அவர் தெருவில் போய் "முடியாது வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். கூரை ஒழுகுது, மேலே ஏறிப் பாருங்க என்று மனைவி சொன்னால் "முடியாது". அவள் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தாள். முதலாளி இன்னும் அரை மணி இருந்துவிட்டுப் போகச் சொன்னபோது "முடியாது" என்றார். அரை மணியோடு சேர்த்து அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தார். இப்படி விட்ட வேலைகள் பதினொன்று. தான் படுத்த படுக்கையைத் தானே மடித்ததாக அவர் வாழ்க்கையில் சரித்திரம் கிடையாது. மனைவி இருந்தவரை அவள் மடித்தாள், அவள் போனபின் மருமகள் மடிக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் நம் ஆளை "முடியாது மகன்" என்று கூப்பிட்டார்கள். பத்து வயதில் அவன் ஒரு வைராக்கியம் எடுத்தான். உயிரே போனாலும் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வரக் கூடாது. வரவும் இல்லை. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்". கப்பல் கம்பெனிக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. அவர்கள் பயிற்சி வகுப்பிலேயே "'முடியாது'ங்கற வார்த்தையை கரையிலேயே விட்டுட்டு ஏறுங்க" என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். இவனிடம் விட்டுவிட்டு வர அந்த வார்த்தையே இல்லை. கப்பலின் அடித்தளத்தில், ஊழியர்கள் புழங்கும் இடத்தில், அவனுக்கு "ஆகட்டும்" என்றே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

இப்போது கதை நடப்பது தொண்ணூற்றெட்டாம் நாள். இன்னும் ஆறே நாள். அதோடு அவனுடைய பத்து மாத ஒப்பந்தம் முடிகிறது. அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போயே ஆக வேண்டும்.

ஏனென்றால் அவன் கிளம்பும்போது மகளுக்குப் பதினொரு மாதம். அப்போது எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். இப்போது ஓடுகிறாள், பேசுகிறாள். பேசி என்ன? ஊழியர்களுக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் வீட்டோடு முகம் பார்த்துப் பேச ஒரு கூண்டு உண்டு. போன வாரம் அதற்குள் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பக்கம் போன் தவறிக் கீழே விழுந்தது. "அப்பா விந்துச்சு!" என்று மகள் அலறினாள். மனைவி எடுத்துத் துடைத்து, சார்ஜரில் செருகினாள். "அப்பா மம்மு சாப்பிது" என்று மகள் கைகொட்டினாள். அப்புறம் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அவளுக்கு இந்தப் போன்தாங்க அப்பா. நீங்க இல்லாதப்பவும் இதைத்தான் அப்பான்னு தூக்கிட்டுத் திரியறா. திரை அணைஞ்சா அப்பா தூங்குதுங்கறா." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கூண்டை விட்டு வெளியே வந்து படிக்கட்டுக்கு அடியில் நின்று அழுதான்.

அதனால்தான் அந்த ஆறு நாளை அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான்.

மேலே பயணிகள் எண்ணியது வேறு மாதிரி. நூறு நாள் கப்பலில் இருந்தால் மனிதன் என்ன ஆவான் என்று தெரிய வேண்டுமானால் காலை உணவுக் கூடத்துக்குப் போக வேண்டும். புறப்பட்ட அன்று இஸ்திரி கலையாமல் வந்தவர்கள் இப்போது இரவு உடுப்போடு செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "இன்னிக்கு என்ன ஊரு?" என்று ஒருவர் கேட்பார். "ஊரு இல்லை, கடல்" என்பார் பக்கத்து மேசைக்காரர். "நேத்தும் கடல்தானே? இது என்ன அநியாயம், எழுதிப் போடணும்" என்று இவர் கொதிப்பார். நீச்சல் குளத்தருகே நிழலில் இருந்த ஒரு சாய்வு நாற்காலிக்காக ஓய்வுபெற்ற நீதிபதியும் பல் மருத்துவரும் தொண்ணூறு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். யார் முதலில் துண்டு போட்டது என்பதுதான் வழக்கு. இப்போது பிரியப் போகிறோம் என்றதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டு விலாசம் மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் அந்த நாற்காலியில் மூன்றாவது ஒருவர் படுத்துவிட்டார். உடற்பயிற்சிக் கூடத்து எடைக் கருவியில் பெட்டிகளை நிறுத்துப் பார்க்க ஒரு வரிசை நின்றது. ஒரு பெரிய மனிதர் பெட்டியை இறக்கிவிட்டுத் தானும் ஏறிப் பார்த்தார். பெட்டி பரவாயில்லை, ஆள்தான் கூடியிருந்தார்.

இவர்களுக்கெல்லாம் கடைசி வாரத்தில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட வேண்டும். பத்துக்குக் கீழே என்ன வந்தாலும் விசாரணை. அடியில் ஒரு கோடு இருக்கும்: "உங்கள் பயணத்தை இனிமையாக்கிய ஊழியர் யாரேனும் உண்டா?" அந்தக் கோட்டில்தான் ஆபத்து. யார் பெயர் அதிகம் எழுதப்படுகிறதோ, அந்த ஊழியருக்குக் கேக் வெட்டுவார்கள், படம் மாட்டுவார்கள், "பயணிகளின் அன்பு வேண்டுகோளுக்கு இணங்க" என்று சொல்லி அடுத்த பயணத்தில் இரண்டு மாதம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். கம்பெனி இதற்கு வைத்த பெயர் கௌரவ நீட்டிப்பு. கீழ்த்தளத்தில் இதற்கு "மாலை போட்டு வெட்டறது" என்று பெயர். போன தடவை மதுக்கூடத்துப் பையன் ஒருவன் மாட்டினான். அவன் இல்லாமலே அவனுக்கு நிச்சயம் நடந்தது, அவன் இல்லாமலே அது முறிந்தும் போனது. சுவரில் அவன் படம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் கோப்பில் "ஒத்துழைக்காதவர்" என்று ஏறிவிடும். பத்து வயதிலிருந்து "ஆகட்டும்" சொல்லி வளர்ந்தவன் அந்த ஒரு சொல்லை எப்படிச் சுமப்பான்? அப்பா மகன்தானே என்று யாராவது சொல்லிவிட்டால்?

"அப்போ பேரு வராம பாத்துக்கோ" என்றான் மூட்டை. மூட்டை அவனுடைய அறைத்தோழன். துணி வெளுக்கும் பகுதியில் வேலை, எந்நேரமும் முதுகில் ஒரு மூட்டை இருக்கும். "பத்தும் வரணும், பேரும் வரக் கூடாது. கொஞ்சம் மந்தமா வேலை செய். ரொம்பக் கெடுத்துடாதே."

"ஆகட்டும்" என்றான் நம் ஆள்.

சீட்டில் பெயரை எழுதித் தன்னைப் பிடித்துவைக்கக் கூடியவர் யார் என்பது அவனுக்கு முன்பே தெரியும். பதினொன்றாம் அறை அம்மா. எழுபது வயது, தனி ஆள். பிள்ளைகள் மூன்று பேர், மூன்றும் மூன்று திசையில். அடுத்த பயணத்துக்கும் அதே அறையைப் பதிவு செய்து வைத்திருந்தார். தினமும் மாலையில் படுக்கையின் மேல் இவன் துண்டை முறுக்கி ஏதாவது ஒரு பிராணி செய்து வைப்பான். அது கப்பல் வழக்கம். மற்ற அறைகளில் அதை உதறி முகம் துடைத்துவிடுவார்கள். இந்த அம்மா அப்படியில்லை. யானைக்குத் தன் மூக்குக்கண்ணாடியை மாட்டுவார், குரங்குக்குத் தொப்பி வைப்பார், அதோடு பேசுவார். அவனோடும் பேசுவார். அவன் கேட்பான். கேட்பதற்கு ஆள் கிடைத்தால் மனிதர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்பது, துடைப்பத்தோடு நின்று கேட்டவனுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றெட்டாம் நாள் மாலை அவன் யானை செய்யவில்லை. துண்டை ஏனோதானோவென்று சுருட்டிப் போட்டான். மறுநாள் காலையில் அந்த அம்மா நடைவழியிலேயே காத்திருந்தார்.

"நேத்து செஞ்சு வெச்சியே, அது ஆமைதானே? அட, தலையை உள்ள இழுத்துக்கிட்ட ஆமை! எப்படித்தான் உனக்குத் தோணுதோ!"

அன்று சோப்பு வைக்கவில்லை. தலையணை உறையை உட்புறம் வெளியே தெரிய மாட்டினான். குவளையில் கை ரேகை பளிச்சென்று தெரியும்படி விட்டான். மனம் கேட்கவில்லை, ஒன்பது வருடக் கை அது, தானாகத் திரும்பிப்போய்த் துடைக்கப் பார்த்தது. கையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான். மாலையில் பதினொன்றாம் அறை அம்மா பத்தாம் அறைக்காரரிடம் பேசுவது கதவு வழியாகக் கேட்டது.

"பாவங்க, களைச்சுப் போயிட்டான். சோப்பு வைக்கக்கூட மறந்துட்டான். நமக்காக உழைச்சு உழைச்சு எப்படி ஆயிட்டான் பாருங்க. நாமதான் ஏதாவது செய்யணும். ஆளுக்கு ஒரு சீட்டு எழுதுங்க. நான் தளம் முழுக்கச் சொல்லிட்டேன்."

குறையும் போய்ப் பெருமையாக முடிந்தது. இனிப் பயனில்லை, நேரே காலில் விழுந்துவிடலாம் என்று நூறாவது நாள் அவன் கதவைத் தட்டினான். "அம்மா, தயவுசெஞ்சு என் பேரை எழுதாதீங்க. எனக்குப் பொண்ணைப் பாக்கணும்" என்று பதினாறு அறை துடைக்கும்போதும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தான். கதவு திறந்தது. மேசை நிறையச் சீட்டுகள்.

"நீயே வந்துட்டியா! இதோ பார், நாற்பது பேர் எழுதிட்டாங்க. நீ அடுத்த பயணமும் இங்கேயே இருக்கணும்னு எனக்கு ஆசை. எம் பிள்ளைங்ககூட என் பேச்சை இப்படிக் காது குடுத்துக் கேட்டதில்லை. இந்தச் சீட்டையெல்லாம் கீழே ஆபீஸ்ல சேர்த்துடறியா?"

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் மனப்பாடம் மறந்துபோனது.

"ஆகட்டும் மேடம்" என்றான்.

தூக்குக் கயிற்றைத் தானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தவன் அவனாகத்தான் இருப்பான்.

நூற்றொன்றாம் நாள் ஊழியர் உணவுக் கூடத்தில் கேக். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டு, கம்பெனி வரலாற்றிலேயே அதிகமாம். கேக்கின் மேல் கொழகொழவென்று அப்பா பெயர் எழுதியிருந்தது. கேப்டன் கையைக் குலுக்கி, அப்பா பெயரைச் சொல்லி, "உழைப்புன்னா என்னன்னு இந்த மனிதரிடம் நாம கத்துக்கணும்" என்றார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். மூட்டை காதோரம் வந்து, "உங்க அப்பா இவ்வளவு பெரிய உழைப்பாளின்னு எனக்குத் தெரியவே தெரியாதுடா" என்றான். நம் ஆளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பணியாளர் பிரிவு அதிகாரி அவனை ஓரமாகக் கூப்பிட்டார். இவருக்குக் கீழ்த்தளத்தில் சிரிப்பு மேடம் என்று பெயர். செய்தி எவ்வளவு கெட்டதோ அவ்வளவு நன்றாகச் சிரிப்பார். அன்று கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

"வாழ்த்துகள்! இரண்டு மாசம் நீட்டிப்பு. சம்மதப் படிவம் நீ பதிவு செஞ்ச எண்ணுக்குப் போயாச்சு. உன் இஷ்டம்தான், கட்டாயமே இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துல பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம். சரிதானே?"

"ஆகட்டும் மேடம்" என்றது வாய். மனம் அதைப் பிடிக்க ஓடுவதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

பதிவு செய்த எண் வீட்டு எண். கப்பலில் பயணிகளுக்கே இணையம் நத்தை வேகம், ஊழியர்களுக்கு அந்த நத்தையும் கிடையாது. அதனால் எல்லாக் கடிதமும் வீட்டுப் போனுக்கே போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய போன். மகள் கையில் இல்லாத நேரமெல்லாம் அது அப்பா கையில்தான் இருக்கும். போன் பார்ப்பது ஒன்றைத்தான் அவர் இதுவரை முடியாது என்று சொன்னதில்லை.

அன்று பிற்பகல் கூண்டில் அவனுக்கு முறை வந்தது. மனைவி முகம் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தேதிங்க?"

"பார்க்கலாம்."

அவள் போனை முகத்தருகே இழுத்தாள். "பார்க்கலாம்னா வரலைன்னு அர்த்தம். இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதா? போன தடவையும் பார்க்கலாம்தான். வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க, நான் அவளுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"இல்லை, அது வந்து..."

போனை யாரோ பிடுங்கினார்கள். திரை முழுக்க அப்பாவின் மூக்கு.

"டேய், கப்பல்லேருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்திருக்குடா! என் பேரு போட்டு, மதிப்பிற்குரியன்னு போட்டு! 'உங்கள் அயராத உழைப்புக்கு நன்றி'ன்னு எழுதியிருக்கான். எழுபத்தொரு வருஷத்துல என் உழைப்பை எவனாவது பாராட்டியிருக்கானா? உங்க அம்மா பாராட்டினாளா?"

"மாமா, அது அவருக்கு வந்தது" என்று பின்னாலிருந்து மனைவி குரல்.

"யார் பேரு போட்டிருக்கு? கண்ணு தெரியுதா உனக்கு? இன்னும் ரெண்டு மாசம் வேலை செய்யச் சொல்லிக் கூப்பிடறான்டா என்னை!"

"அப்பா, அது எனக்கு... நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் படிவத்தை..."

பன்னிரண்டு நிமிடம் முடிந்தது என்று கூண்டின் விளக்கு சிவந்து, திரை அணைந்தது. கடைசியாகக் கேட்டது மகளின் குரல்தான். "அப்பா தூங்கிச்சு" என்றாள்.

அடுத்த முறை ஒரு வாரம் கழித்து. அவன் மூட்டையிடம் போய்ச் சொன்னான். மூட்டை தலையில் அடித்துக்கொண்டான். "நேரா மேடத்துக்கிட்டப் போய் முடியாதுன்னு சொல்லேன்டா. நாலு எழுத்து. வாயைத் திறந்தா வந்துடப் போகுது."

"வரமாட்டேங்குதே" என்றான் நம் ஆள். உண்மையிலேயே வரவில்லை. அன்றும் மறுநாளும் அறை துடைக்கும்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தான். "மு" என்றதும் கண்ணாடியில் அப்பா முகம் தெரிந்தது. மூக்கு, நெற்றி, எல்லாம் அச்சு அசல். நெஞ்சில் பித்தளையில் பெயர் வேறு. வாயை மூடிக்கொண்டு தொட்டியைத் தேய்த்தான்.

நூற்று மூன்றாம் நாள் நடைவழியெல்லாம் பெட்டிகள். வண்ண அட்டை கட்டிய பெட்டிகளைப் பயணிகள் அறைக்கு வெளியே தள்ளியிருந்தார்கள். சிலர் மாற்றுடுப்பையும் உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, குளியல் அங்கியோடு நின்று தவித்தார்கள். இது ஒவ்வொரு பயணத்திலும் நடப்பதுதான். நம் ஆள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே நடந்தான். நாற்பத்தெட்டு மணி நேரம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அப்போதுதான் சிரிப்பு மேடம் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அறைக்குள் போனான். மேடம் சிரிக்கவில்லை. அவனுக்குப் பகீரென்றது.

"உட்காரு" என்றார். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. "உன் படிவத்துக்குப் பதில் வந்திருக்கு. இதை நீ எழுதினியா?"

கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். படிவத்தில் இரண்டு கட்டம். "சம்மதம்" என்ற கட்டம் காலி. "சம்மதம் இல்லை" என்ற கட்டத்தில் குறி. காரணம் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் "வயது காரணமாகப் பணி ஓய்வு" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், வாயால் சொல்லிப் போனே எழுதிக்கொண்ட மாதிரி, நிறுத்தக் குறி ஒன்றுகூட இல்லாமல் இப்படி இருந்தது:

"ஐயா எனக்கு வயசு எழுபத்தொண்ணு முட்டி வலி இருக்கு படுக்கை விரிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க என் படுக்கையையே நான் விரிச்சது கிடையாது ரெண்டு மாசம் என்ன ரெண்டு நாள்கூட முடியாது வீட்ல சின்னப் புள்ள இருக்கு அதோட இருக்கணும் திரும்பத் திரும்பக் கேட்டாலும் இதேதான் முடியாது முடியாது"

கீழே பெயர். பட்டையில் இருந்த அதே பெயர்.

"எழுபத்தொண்ணா உனக்கு?" என்றார் மேடம். "இதோ பார், யாரோ விளையாடியிருந்தா சொல்லிடு. இதை அழிச்சுடலாம். பதில் வரலைன்னு ஆகும், நீட்டிப்பு தானா ஏறிக்கும். உன் கோப்புலயும் கறை இருக்காது. அழிச்சுடவா?"

எந்தக் கேள்விக்கும் அவன் வாயில் தயாராக ஒரு பதில் உண்டல்லவா? அது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. 'ஆ' வரை வந்தது.

திரையில் இருந்த வரியை இன்னொரு முறை படித்தான். வீட்ல சின்னப் புள்ள இருக்கு.

"மேடம், அந்தப் பேரு என்னுதுதானே?"

"ஆமா. பட்டையில இருக்கே."

"அந்தப் பேருக்குத்தானே கேக் வெட்டினீங்க?"

"ஆமா."

"அப்போ அந்தப் பேரு சொல்றதுதான் மேடம் என் பதில்." அவன் எழுந்து நின்றான். கனைத்துக்கொண்டான். "முடியாது மேடம்."

சொன்ன பிறகு கப்பல் கவிழவில்லை. மேடம் அவனையே பார்த்தார். அப்புறம் விசைப்பலகையைத் தட்டினார்.

"பணி ஓய்வுன்னு பதிஞ்சாச்சு. அதைத் திருத்த ஆறு வாரம் ஆகும். மறுபடி வரணும்னா புதுசா மனு போடணும், கூப்பிடுவாங்களான்னு நான் சொல்ல மாட்டேன். பரவாயில்லையா?"

"பரவாயில்லை மேடம்."

"மனு போட்டா, இந்தத் தடவை உன் பேரை முன்னாடியும் பின்னாடியும் போடு" என்று சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். பல் அவ்வளவாகத் தெரியவில்லை. உண்மையான சிரிப்பாக இருக்கலாம்.

பதினொன்றாம் அறை அம்மாவிடம் அவன்தான் போய்ச் சொன்னான். "உனக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்றார். "நானே பேசிக்கிட்டிருந்தேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கலை." அவனுக்கு அது சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அன்று மாலை அவருக்கென்று இரண்டு யானை செய்தான், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. மறுநாள் கரை இறங்கும்போது மூட்டை ஒரு சேதி சொன்னான். அந்த அம்மா கடைசியாக ஒரு சீட்டு போட்டிருக்கிறாராம். பத்துக்கு ஒன்பது. காரணம் என்ற இடத்தில், "நல்ல மனிதர்களை வீட்டுக்கு அனுப்ப இவ்வளவு தாமதமா?"

விசாரணை நடந்திருக்கும்.

பணி ஓய்வு என்று கணினி சொல்லிவிட்டதால் இறங்கும் வழியில் ஒரு சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு முதியோர் வாழ்த்து. "வாழ்நாள் முழுதும் அயராது உழைத்து ஓய்வுபெறும்" என்று போட்டு, அப்பா பெயர். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் மனைவிதான் முதலில் பார்த்தாள். கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். அவள் காலுக்குப் பின்னால் மகள் நின்றாள். போனைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்திருந்தாள்.

அவன் மண்டியிட்டான். "அம்மு, அப்பா வந்துட்டேன்டா."

அவள் அவனைப் பார்த்தாள். தலையை இல்லை என்று ஆட்டினாள். போனை நீட்டிக் காட்டி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"இது அப்பா."

அப்படியே திரும்பிக் கப்பலுக்கே ஓடிவிடலாம் என்று அவனுக்கு இருந்தது. நாற்காலியில் சாய்ந்து கிடந்த அவன் அப்பா அப்போது ஒரு காரியம் செய்தார். தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். யாரும் சொல்லாமல் தானாக எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பேத்தி கையிலிருந்து போனை வாங்கித் திரையை அணைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த அப்பா தூங்கிடுச்சு. இனிமே எழுந்துக்காது. இதான் இனிமே. போ."

குழந்தை உதட்டைப் பிதுக்கினாள். அழலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு கிட்ட வந்து, ஒரு விரலை அவன் கன்னத்தில் வைத்து, போனில் படம் மாற்றுவதுபோல இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். படம் மாறவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். மாறவில்லை. அந்த விரல் ஈரமாகிவிட்டது. அதை அவன் சட்டையிலேயே துடைத்துவிட்டு, அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து, அவள் தூங்கிய பிறகு, அவன் பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்து அப்பாவிடம் கொடுத்தான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வாழ்நாள் முழுதும் அயராது உழைத்து என்பதை இரண்டு தடவை படித்தார். ஆணி எங்கே என்று மருமகளைக் கேட்டார்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடுதாசி எனக்கு வந்ததுன்னு தெரிஞ்சே பதில் போட்டீங்களா, இல்லை நிஜமாவே உங்களுக்கு வந்ததுன்னு நினைச்சீங்களா?"

அவர் சான்றிதழைச் சுவரில் வைத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"அதெல்லாம் சொல்ல முடியாது."